புரதத்தின் வடிவம் தெரிந்த பின்பும் ஏனைய மருத்துவத் தரவுகள் எதற்கு?

மட்டக்களப்பு வந்தாறுமூலையில் உயிரியல் பயிலும் தாங்கள், புரத வடிவம் கையில் இருக்க, நோயாய்வுக்கு மரபணு, நோயாளர் தரவுகளையும் ஏன் இணைக்க வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். பரம்பரை இரத்தச்சோகையான தலசீமியா உள்ள இலங்கை நோயாளர் சிலரிடம் காணப்படும் ஈமோகுளோபின் ஈ, அதாவது இரத்தத்தில் ஒட்சிசனைக் காவும் ஈமோகுளோபின் புரதத்தின் மாறிய வகை, இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஈமோகுளோபின் அல்பா, பீற்றா என்னும் அமினோ அமிலச் சங்கிலிகளால் ஆனது. ஈ வகையின் பீற்றா சங்கிலியில் 26ஆம் இடத்து அமினோ அமிலமான குளூட்டமிக் அமிலம் லைசினாக மாறியிருக்கிறது. வடிவத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது சிறு மாற்றமே. ஆனால் அதே பிறழ்வு, மரபணுவின் நகலான ஆர்.என்.ஏ. வெட்டி ஒட்டப்படும் ஒழுங்கையும் குழப்பிப் புரதத்தின் அளவையே குறைத்துவிடுகிறது என்பதை ஆர்.என்.ஏ. தரவுதான் காட்டும். அதுவும் போதாது. ஒரே பீற்றா பிறழ்வுகளைக் கொண்ட இருவரில் ஒருவருக்கு அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்க, மற்றவர் அது அதிகமின்றியே வாழ்வதுண்டு. அல்பா சங்கிலிக்கான மரபணுக்களின் எண்ணிக்கை, பிறப்புக்கு முன் அதிகமாக இருக்கும் சிசு ஈமோகுளோபினின் அளவு ஆகியவற்றைக் கிளினிக் கொப்பியிலுள்ள குறிப்புகளோடு சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வேறுபாடு பிடிபடும்.

என் கணிப்பில், இத்தரவுகளை இணைக்கையில் உண்மையான தலைவலி, அவற்றிலுள்ள அடையாளப் பெயர்களிலும் எண்களிலும்தான் உள்ளது. நம் ஊரில் ஒருவருக்கு அடையாள அட்டையில் ஒரு பெயரும் வீட்டில் வேறு பெயரும் இருப்பதுபோல, இந்தப் பீற்றா சங்கிலி, யூனிப்ரோட் என்னும் புரதத் தரவுத்தளத்தில் பி68871, அதன் மரபணு மரபணுப் பட்டியலில் எச்.பி.பி. போதாக்குறைக்கு, சங்கிலி உருவாகும்போது முதலில் வரும் அமினோ அமிலமான மெத்தியோனினையும் சேர்த்து எண்ணும் இன்றைய முறையில் பழைய 26 என்பது 27 ஆகிவிடும். கவனியாது பழைய 26ஐப் புதிய எண்வரிசையில் அப்படியே பொருத்தினால் கணினி முறையிடாது. குளூட்டமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் கிளைசின் நிற்கும். எனவே அட்டவணைகளை இணைக்குமுன், அந்த இடத்தில் எந்த அமினோ அமிலம் உள்ளது என்பதைத் தொடர்வரிசையில் நேரே பார்த்துக்கொள்ளுங்கள்.