கோடியக்கரையில் நடக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

மணல்மேடு, காடு, புல்வெளி, சதுப்பு நான்கும் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கிற இடம் நாகை மாவட்டம் கோடியக்கரை. அங்கே நடந்து பார்க்க விரும்பும் வாசகர்களின் கேள்விகளில் சில இங்கே.

பூநாரை பார்க்க ஆசைப்பட்டுக் கார்த்திகையில் போனோம். திரும்பிய பக்கமெல்லாம் தண்ணீர், பறவையைக் காணோம். எந்த மாதம்தான் சரி?
(வாசகர், மன்னார்குடி)

வலசைப் பறவைகள் ஐப்பசியிலேயே வரத் தொடங்கிவிடும். நீங்கள் போனபோதும் அவை அங்கேதான் இருந்திருக்கும், தண்ணீர்தான் அவற்றைச் சிதறடித்திருக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டியதும் வேதாரண்யம் சதுப்பு ஒரே ஏரியாகிவிடுகிறது. சின்னஞ்சிறு கரைப்பறவையான கொசு உள்ளானுக்கு இரண்டு விரற்கடைக்கு மேல் தண்ணீர் இருந்தால் இரை எடுக்க முடியாது. இன்னொரு கரைப்பறவையான உப்புக்கொத்திக்குத் தண்ணீரே வேண்டாம், ஈரச் சேறு போதும். பூநாரை முழங்கால் ஆழத்திலும் நிற்கும். ஆனால் அது அலகைத் தலைகீழாக வைத்து வடிகட்டித் தின்னும் நுண்ணுயிர்கள் மழைநீரில் நீர்த்துப் போயிருக்கும்.

எனவே தை பாதியிலிருந்து மாசி முடியப் போங்கள். தண்ணீர் வற்ற வற்றச் சேற்று விளிம்பு அகலமாகும். உவர்ப்பு ஏறும், பறவைகள் அந்த விளிம்பில் வந்து கூடும். பங்குனியில் பல கூட்டங்கள் வடக்கே கிளம்பிவிடும். நாள்காட்டியை மட்டும் நம்ப வேண்டாம். மழை தள்ளிப்போன ஆண்டில் எல்லாமே தள்ளிப்போகும். கிளம்பும் முன் வனச்சரக அலுவலகத்தைக் கூப்பிட்டு, “சதுப்பில் தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது?” என்று கேளுங்கள். “பறவை வந்திருக்கா?” என்று கேட்டால் எப்போதும் “வந்திருக்கு” என்றுதான் பதில் வரும்.

நாங்கள் மலைகளில் டிரெக்கிங் போகும் குழு. மணல்மேட்டில் கூடாரம் அடித்து இரவு தங்கி, மறுநாள் காட்டைக் குறுக்காக நடந்து கடக்கலாமா?
(வாசகர், கோவை)

கூடாது. 1967 முதல் இது வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின்படி, சுற்றுலாவுக்கானாலும் அனுமதி பெற்றே உள்ளே நுழைய முடியும். பொழுது சாய்வதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். குறுக்கு வழி என்ற பேச்சே கிடையாது. வனத்துறை காட்டும் பாதையில், கூட ஒரு வேட்டைத் தடுப்புக் காவலரோ வழிகாட்டியோ வர நடப்பதுதான் முறை. அவர் வருவது கண்காணிப்புக்காக மட்டும் அல்ல. நேற்று மான் மேய்ந்த இடமும், எந்தப் பாதையில் சேறு ஏறியிருக்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

முதல் நாள் மாலையே வேதாரண்யம் வந்துவிடுங்கள். அங்கிருந்து கோடியக்கரை சுமார் 12 கி.மீ. அடையாள அட்டை நகல்கள், ஆட்களின் பெயர்ப் பட்டியல், வாகன எண் ஆகியவற்றை அன்றே கொடுத்து வைத்தால் விடியற்காலையில் வாசலில் நின்று நேரம் போகாது. ஆய்வு, படப்பிடிப்பு, டிரோன் ஆகியவற்றுக்கு மேலிடத்து அனுமதி தனியாக வேண்டும், அதை வாசலில் வாங்க முடியாது. ரயிலில் வருகிறவர்களுக்குத் திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. வண்டிகள் குறைவு என்பதால் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறது. எதை முதலில் பார்ப்பது?
(வாசகி, திருச்சி)

முதலில் சதுப்பு. காரணம் வெளிச்சம். சதுப்பு மேற்கே பரந்து கிடக்கிறது. காலையில் அதன் கிழக்குக் கரையில் நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், பறவையின் கால் நிறம், அலகு வளைவு எல்லாம் துல்லியமாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாம் கறுப்பு நிழல்தான். இன்னொன்று கானல். ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பில் காற்று நடுங்கத் தொடங்கிவிடும். அப்போது எவ்வளவு விலையுள்ள தொலைநோக்கியும் உதவாது. எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலர் போதும். 12 மடங்கு வைத்திருந்தால் கானலும் கை நடுக்கமும் 12 மடங்காகத் தெரியும்.

ஆறு மணியிலிருந்து எட்டரை வரை சதுப்பு. அடுத்து புல்வெளியில் வெளிமான். வெயில் ஏறியதும் காட்டுக்குள் போய்விடுங்கள். இது வறண்ட பசுமைமாறாக் காடு. மரங்கள் உயரமில்லை, பாலை, நாவல் எல்லாம் கிளை பின்னி நிற்கும். கடலை ஒட்டிய வெறும் மணலில் இப்படி ஒரு காடு எப்படி என்று பலர் கேட்கிறார்கள். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. வேர்கள் உறிஞ்சுவது அந்த நல்ல தண்ணீரைத்தான். புள்ளிமான் இங்கேதான் இருக்கும், திறந்த வெளியில் குறைவு. 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. மரம் விழுந்து வெளிச்சம் விழுகிற இடத்தில் சீமைக் கருவேலம் நுழையப் பார்ப்பதையும் கவனியுங்கள். நடுப்பகலை இங்கேயே கழித்துவிட்டு, நான்கு மணிக்கு மேல் ராமர் பாதம் மேட்டையும் கடற்கரை மணல்மேட்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் 8 முதல் 10 கி.மீ. வரும். சமதரைதானே என்று கணக்குப் போடாதீர்கள். தார்ச் சாலையில் மணிக்கு 4 கி.மீ. நடக்கிறவர், உதிரி மணலில் இரண்டரையைத் தாண்டமாட்டார். வழியில் குடிநீர் கிடையாது. ஆளுக்கு 3 லிட்டர் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

வெளிமானைப் பார்த்ததும் கிட்டே போனால் ஓடிவிடுகிறது. காட்டுக் குதிரை கடிக்குமா?
(பள்ளி மாணவர், திருவாரூர்)

வெளிமான் வண்டியை விட நடக்கும் மனிதனைக் கண்டுதான் அதிகம் மிரளும். நேராக அதை நோக்கி நடக்காதீர்கள். சாய்வாக, அதைக் கடந்து போகிறவர் போல நடந்து இடையிடையே நில்லுங்கள். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கினால் நின்றுவிட வேண்டும். தலை மறுபடி புல்லுக்குத் தாழ்ந்த பிறகே அடுத்த அடி. ஒன்று செங்குத்தாகத் துள்ளிவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான், மந்தையே பின்னால் துள்ளிப் போய்விடும். 150 மீட்டருக்குள் போக முயல வேண்டாம். முறுக்குக் கொம்பும் கறுத்த முதுகும் ஆணுக்குத்தான், அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும்.

குதிரை காட்டு விலங்கு அல்ல. யாரோ வளர்த்து விட்ட மட்டக்குதிரைகளின் வழித்தோன்றல். கடிக்கவும் உதைக்கவும் செய்யும், குட்டியோடு இருக்கும் பெட்டை இன்னும் அதிகமாகவே செய்யும். 30 மீட்டர் தள்ளியே நில்லுங்கள். ரொட்டி கொடுக்கக் கூடாது. வெளிமான் தின்னும் அதே புல்லைத்தான் அதுவும் தின்கிறது. அதை இன்னும் கொழுக்க வைப்பது மானுக்குச் செய்யும் கெடுதல்.

என்ன செருப்பு, என்ன உடை? சேற்றில் கால் புதைந்தால் என்ன செய்வது?
(வாசகி, சென்னை)

மலைக்குப் போடும் கனத்த பூட்ஸ் வேண்டாம். அதற்குள் மணல் போனால் வராது, உப்புச் சேறு தோலை வெடிக்க வைத்துவிடும். தடித்த அடிப்பாகமுள்ள கான்வாஸ் ஷூ சரி. மெல்லிய அடியாக இருந்தால் சீமைக் கருவேல முள் ஏறிவிடும். முழுக்கால் சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். மான் மேயும் புல்லில் உண்ணி உண்டு. இரவில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், தீக்குச்சி வைத்தியம் வேண்டாம்.

மணல்மேட்டில் ஏற்கெனவே கால் பட்ட தடத்திலேயே ஏறுங்கள். தரையோடு ஓடும் அடம்பங்கொடியும், விறைத்து நிற்கும் இராவணன் மீசை என்ற புல்லும்தான் அந்த மணலைக் கட்டி வைத்திருக்கின்றன. மீசையின் இலைநுனி காலுறையையும் துளைக்கும். அதன் உருண்டையான விதைத்தலை காற்றில் கரையோரம் உருண்டு ஓடுவதைப் பார்த்தால் பெயர்ப் பொருத்தம் புரியும். ஓடுகொடி அறுந்த இடத்தில் காற்று மணலைத் தோண்டும், அடுத்த புயலில் அந்த வழியாகக் கடல் உள்ளே வரும். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்ற கடலாமை முட்டையிட ஏறும் கரை இது. குழி கண்டால் தொடாமல் காவலரிடம் சொல்லுங்கள்.

சதுப்பில் மேலே வெள்ளைப் பொருக்கு காய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. உமரி என்ற உவர்நிலச் செடி அடர்ந்த இடம் ஓரளவு உறுதி. செடியே இல்லாமல் கறுத்து மினுங்கும் இடம் ஆபத்து. ஐந்தடிக் கம்பு ஒன்று கையில் இருக்கட்டும். குத்திப் பார்த்து ஒரு சாணுக்கு மேல் இறங்கினால் திரும்பிவிடுங்கள். கால் மாட்டிக்கொண்டால் விருட்டென்று மேலே இழுக்காதீர்கள். அடியில் வெற்றிடம் உண்டாகிச் சேறு இன்னும் இறுக்கும், ஷூ உள்ளேயே தங்கிவிடும். கம்பைப் படுக்கப் போட்டு உடல் எடையை அதன் மேல் சாய்த்து, பாதத்தை இடம் வலமாக அசைத்துத் தண்ணீர் உள்ளே புக விடுங்கள். பிறகு குதிகாலை முதலில் தூக்குங்கள். உப்பளங்களின் வரப்பு உறுதியாக இருந்தாலும் அங்கே நடக்க உரியவர் அனுமதி வேண்டும்.

அதே நாளில் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் பார்த்துவிடலாமா?
(வாசகர், தஞ்சாவூர்)

வேண்டாம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2002-இல் சேர்ந்த சதுப்பு நிலத்தின் மேற்குக் கோடி அது. சேர்ந்தே இருந்தாலும் சாலையில் சுற்றித்தான் போக வேண்டும். தவிர அங்கே நடை இல்லை, ஜாம்பவானோடையிலிருந்து கோரையாற்றில் படகு. பிற்பகலில் கடற்காற்று எழுந்தால் காயலில் படகு ஆட்டம் கொடுக்கும், காலைப் படகுதான் நல்லது. முத்துப்பேட்டையில் இரவு தங்கி, மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.