பி.எஸ்.ஏ. முதல் பிகே வைரஸ் வரை: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வயது 66. பி.எஸ்.ஏ. 6.8 வந்திருக்கிறது. உடனே பயாப்ஸி (ஊசியால் திசு எடுத்துப் பரிசோதிப்பது) எடுக்க வேண்டுமா?

பதில்: பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதம்; ரத்தத்தில் அது கூடினால் புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்ப்பார்கள். ஆனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம். சிறுநீர்த் தொற்று, சிறுநீர் அடைப்பு, கதீட்டர் போட்டது எல்லாமே பி.எஸ்.ஏ.வை ஏற்றிவிடும். தொற்று இருந்திருந்தால், குணமாகி ஆறு வாரமாவது கழித்து மறுபடி பாருங்கள். ரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாள் விந்து வெளியேறாமல் இருப்பது நல்லது. புராஸ்டேட் வீக்கத்துக்கான ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பி.எஸ்.ஏ. ஏறக்குறைய பாதியாகிவிடும். அவருக்கு உண்மையில் 13 அல்லது 14 என்றே கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும்.

மறுபடியும் உயர்ந்தே இருந்தால், முதலில் எம்.ஆர்.ஐ.; பயாப்ஸி தேவையா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். 2018-ல் வெளியான பிரிசிஷன் ஆய்வில் 500 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். எம்.ஆர்.ஐ. வழியில் போனவர்களில் 38 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படக்கூடிய புற்றுநோய் பிடிபட்டது. பழைய முறையில் நேராக பயாப்ஸிக்குப் போனவர்களில் 26 சதவீதம்தான். தொந்தரவு தராத சின்னப் புற்றுநோயைத் தேவையில்லாமல் கண்டுபிடிப்பதும் 22-லிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது. எம்.ஆர்.ஐ. குழுவில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. வரிசையை மாற்றிச் செய்தால், பயாப்ஸியின் ரத்தக்கசிவு எம்.ஆர்.ஐ. படத்தைக் குழப்பும், ஆறு முதல் எட்டு வாரம் காத்திருக்க நேரும்.

கேள்வி: பைராட்ஸ் 3 என்று எழுதியிருக்கிறார்கள். நல்லதா, கெட்டதா?

பதில்: எம்.ஆர்.ஐ. படத்தில் புற்றுநோய்ச் சந்தேகம் எவ்வளவு என்று 1 முதல் 5 வரை தரும் மதிப்பெண்தான் பைராட்ஸ். 3 என்பது இரண்டும் இல்லை, நடுவில் நிற்கும் எண். இங்கே பி.எஸ்.ஏ. அடர்த்தி கைகொடுக்கும். பி.எஸ்.ஏ. அளவை, எம்.ஆர்.ஐ.யில் வந்த புராஸ்டேட் கன அளவால் (மில்லிலிட்டரில்) வகுங்கள். 6.8-ஐ 55-ஆல் வகுத்தால் 0.12. சுரப்பி 35 மி.லி. மட்டுமே என்றால் அதே 6.8 தருவது 0.19. 0.15-க்கு மேல் என்றால் பயாப்ஸி பக்கம் சாயலாம். கீழே என்றால், குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லாத பட்சத்தில், பி.எஸ்.ஏ.வைத் தொடர்ந்து கண்காணிப்பதும் நியாயமான வழியே.

கேள்வி: டயாலிசிஸில் இருப்பவருக்கு ஃப்ரீ பி.எஸ்.ஏ. விகிதம் நன்றாக வந்திருக்கிறது. நம்பலாமா?

பதில்: கூடாது. ஃப்ரீ பி.எஸ்.ஏ. என்பது ரத்தத்தில் மற்ற புரதங்களோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் பங்கு; மொத்தத்தில் அதன் விகிதம் கூடினால் புற்றுநோய் வாய்ப்பு குறைவு என்பார்கள். அதை ரத்தத்திலிருந்து வெளியேற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது செயலிழந்தால் ஃப்ரீ அளவு தேங்கும், விகிதம் பொய்யாக உயரும், புற்றுநோய் இல்லாதது போலத் தோன்றும். மொத்த பி.எஸ்.ஏ. அவ்வளவாக மாறாது. அதையும் எம்.ஆர்.ஐ.யையும் வைத்து முடிவு எடுங்கள். கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாக விழ ஏற்றும் மருந்து) பற்றிக் கவலை என்றால், அது இல்லாமலேயே எடுக்கும் பைபாராமெட்ரிக் எம்.ஆர்.ஐ. உண்டு.

கேள்வி: மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய அண்ணனுக்கு பயாப்ஸி சொல்லியிருக்கிறார்கள். கிருமி தொற்றுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: புதிய சிறுநீரகம் அடிவயிற்றின் பக்கவாட்டில் இருப்பதால் ஊசியின் பாதையில் வராது. மலக்குடல் வழியாக ஊசி போகும்போது குடல் கிருமிகளும் கூடவே போகும் என்பதுதான் பயம். ஆகவே ஆசனவாய்க்கு முன்புறத் தோல் வழியாக எடுக்கும் டிரான்ஸ்பெரினியல் முறையைக் கேளுங்கள். மலக்குடல் வழிதான் என்றால், முன்கூட்டியே மலக்குடல் ஸ்வாப் கல்ச்சர் (பஞ்சால் துடைத்தெடுத்து என்ன கிருமி என்று பார்ப்பது) எடுத்து அதற்கேற்ற ஆன்டிபயாட்டிக், போவிடோன் அயோடினால் சுத்தம், இரண்டும் வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அசையாத கிருமிகள் இப்போது அதிகம்.

பயாப்ஸிக்குப் பிறகு, ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் தலைகாட்டாமலே இருக்கலாம். குளிர் நடுக்கம் வந்தாலே போதும், தெர்மாமீட்டரைப் பார்த்துக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகட்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன் ரத்தக் கல்ச்சரும் சிறுநீர்க் கல்ச்சரும் எடுத்துவிட வேண்டும். அதற்காகச் சிகிச்சையைத் தாமதிக்கவும் கூடாது. கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக்கை யாராவது எழுதினால், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் (புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் காக்கும் மருந்து) அளவு எகிறும், ரிஃபாம்பிசின் என்றால் சரியும். எந்தப் புது மருந்தானாலும் டிரான்ஸ்பிளான்ட் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தொடங்க வேண்டாம்.

கேள்வி: மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்காவது மாதம். கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) மெல்ல ஏறுகிறது. காய்ச்சல் இல்லை.

பதில்: உடல் சிறுநீரகத்தை நிராகரிக்கிறது என்று சொல்லி ஸ்டீராய்டு ஏற்றுமுன், நோயெதிர்ப்பு அடங்கியிருக்கும்போது மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ் பார்த்தாகிவிட்டதா? முதல் ஒன்பது மாதம் மாதாமாதம் ரத்தத்தில் பி.சி.ஆர். (வைரஸின் மரபணுப் பிரதிகளை எண்ணும் சோதனை) எடுப்பது இதற்காகத்தான். சில வாரங்களாக மில்லிலிட்டருக்கு 1,000 பிரதிகளுக்கு மேலேயே நின்றாலோ, 10,000-ஐத் தாண்டினாலோ நோயெதிர்ப்பு அடக்கி மருந்தைக் குறைப்பார்கள். அதுதான் சிகிச்சை, இந்த வைரஸைக் கொல்வதாக நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. சிக்கல் என்னவென்றால், நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், பிகேவுக்குக் குறைக்க வேண்டும். இரண்டிலும் கிரியேட்டினின் ஒரே மாதிரிதான் ஏறும். சந்தேகம் தீராவிட்டால் சிறுநீரக பயாப்ஸி. டாக்ரோலிமஸ் அளவையும் அன்றே பாருங்கள், அது அதிகமானாலும் கிரியேட்டினின் ஏறும்.

கேள்வி: வால்கான்சிக்ளோவிரை எப்போது நிறுத்தலாம்?

பதில்: மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு சி.எம்.வி. (சைட்டோமெகலோ வைரஸ்) தொற்று வராமல் தடுக்கத் தரும் மருந்து இது. அந்த வைரஸ் தானம் கொடுத்தவருக்கு இருந்து, பெற்றவருக்கு இதுவரை வராதிருந்தால் பொதுவாக ஆறு மாதம். பெற்றவருக்கு முன்பே வந்திருந்தால் பெரும்பாலும் மூன்று மாதம். வெள்ளையணு குறைந்தால் நீங்களாகவே பாதி மாத்திரை போடாதீர்கள். அளவை சிறுநீரகத்தின் வேலைத்திறனைப் பார்த்தே மாற்ற வேண்டும்; குறைந்த அளவில் வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும்.

கேள்வி: மாற்று அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆகிறது. எரிச்சல், காய்ச்சல் ஏதுமில்லை, சிறுநீர்க் கல்ச்சரில் மட்டும் கிருமி.

பதில்: முதல் இரண்டு மாதம் தாண்டி, அறிகுறி இல்லாமல், கிரியேட்டினினும் ஏறாமல் இருந்தால் ஆன்டிபயாட்டிக் வேண்டாம். கொடுத்தால் எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிதான் அடுத்து வரும்.