அமைச்சரைப் பார்க்க 10,000 ரூபாயா?

கேள்வி: கோவை கணபதியில் ஐந்து பேரை வைத்து லேத் பட்டறை நடத்துகிறேன். மின்சாரத்துக்கு நிலைக்கட்டணம் (ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் மாதாமாதம் விழும் கட்டணம்) கட்டி மாளவில்லை. புதிய சங்கம் ஒன்றில் சேர்ந்தால் அமைச்சரிடம் அழைத்துப்போய்க் குறைத்துத் தருவதாக ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார். அரசு ஐ.டி.ஐ.க்கு உதிரிபாகமும் செய்து தருகிறேன். சங்கப் பொறுப்புக்கு வந்தால் அந்த ஆர்டருக்கு ஆபத்தா?

பதில்: பணத்தைக் கொடுக்காதீர்கள். மின்கட்டணத்தை நிர்ணயிப்பது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். அரசு நினைத்தால் சுமையைக் கொஞ்சம் இறக்கலாம். 2023-ல் சிறுதொழில்களுக்கான பீக் ஹவர் கட்டணம், அதாவது மின்தேவை உச்சத்தில் இருக்கும் நேரத்துக்கான கூடுதல் கட்டணம், 25-லிருந்து 15 சதவீதமாக இறங்கியது. அதற்கு முன்னால் பல மாவட்டச் சங்கங்கள் சேர்ந்து ஒருநாள் கதவடைப்பே நடத்த வேண்டியிருந்தது. யாரோ ஒருவர் காட்டிய முகத்துக்காக இறங்கவில்லை.

இந்த ஆசாமிகளை நான் நெடுநாளாகப் பார்க்கிறேன். ஒரு சால்வை, ஒரு மனு, ஒரு புகைப்படக்காரர். படம் உங்கள் பட்டறைச் சுவரில் தொங்கும். மனு போன இடம் தெரியாது. கையோடு உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழும் எடுத்துத் தருவதாகச் சொல்லி இன்னும் 2,000 கேட்பார். அரசின் தளத்தில் அது இலவசம். மனுதான் கொடுக்க வேண்டுமென்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் நீங்களே கொடுங்கள், காசு செலவில்லை.

சங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏழு பேர் சேர்ந்தால் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு செய்துவிடலாம் என்பதால் லெட்டர்பேடு சங்கங்கள் தெருவுக்குத் தெரு முளைக்கின்றன. பதிவு எண், கடைசிப் பொதுக்குழுத் தீர்மானம், தணிக்கைக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

உருப்படியான சங்கம் கிடைத்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். ஓராண்டு மின்ரசீதுகளை எடுத்து, லேத் ஓடாத மாதத்திலும் சாங்ஷன் லோடுக்கு (இணைப்புக்கு அனுமதித்த மின்அளவுக்கு) விழுந்த நிலைக்கட்டணத்தைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். ஐம்பது பட்டறைகளின் ரசீது சேர்ந்தால் அதுதான் மனு. ரசீதைக் காட்டும் இடமும் உண்டு: 2022-ல் கட்டணத்தை உயர்த்துமுன் ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்டது. கேட்டுவிட்டு உயர்த்தினார்கள் என்பது வேறு கதை. அதன்பின் விலைவாசிக் குறியீட்டைக் காட்டி ஜூலையில் உயர்வு: 2023-ல் 2.18 சதவீதம், 2024-ல் 4.83. இதற்குக் கருத்துக் கேட்கும் சம்பிரதாயம்கூட இல்லை.

சங்கப் பொறுப்பால் ஐ.டி.ஐ. ஆர்டருக்குச் சட்டப்படி ஆபத்தில்லை. நாளை ஏதாவது கட்சி உங்களைச் சட்டமன்றத் தேர்தலில் நிறுத்த வந்தால்தான் சிக்கல். மாநில அரசுக்குப் பொருள் வழங்கும் ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் வேட்பாளராகத் தகுதியில்லை. 'நடப்பில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 200 உருப்படி தர வேண்டிய இடத்தில் 199 தந்திருந்தால் ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது. 200-ஐயும் தந்துவிட்டீர்கள், அரசுதான் பணம் தரவில்லை என்றால் உங்கள் அளவில் முடிந்தது. அந்தப் பாக்கிக்காக மட்டும் தகுதி போகாது. பாக்கி எத்தனை மாதம் இழுக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே கடைசி டெலிவரி சலானில் தேதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள்.