வெளிநாட்டுல தம்பி கைது, ஐநாவுக்கு நாமளே எழுதலாமா?

ஒரு சகோதரி கேட்டிருக்காங்க: வேற நாட்டுக்கு வேலைக்குப் போன தம்பியை போலீஸ் பிடிச்சு மூணு வாரம் ஆச்சு, என்ன கேஸ்னே சொல்லல, கோர்ட்டுக்கும் கொண்டுபோகல, நாங்க சாதாரண குடும்பம், ஐநாவுக்கு நேரா எழுத முடியுமா, வக்கீல் வேணுமா, பணம் கட்டணுமா?

எழுதலாம்மா. வக்கீல் கட்டாயம் இல்ல, ஃபீஸும் கிடையாது. ஆனா அதுக்கு முன்னாடி இன்னைக்கே ஒன்னு செய்யுங்க, உங்க வெளியுறவு அமைச்சகத்துக்கும் அந்த நாட்டுல இருக்கற உங்க தூதரகத்துக்கும் தம்பி பேரு, பாஸ்போர்ட் நம்பர், எப்போ எங்க பிடிச்சாங்கன்னு எழுத்துல அனுப்பிடுங்க. 1963 வியன்னா தூதரக உறவு ஒப்பந்தத்தோட 36வது பிரிவுப்படி, தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கன்னு கேக்கற உரிமை கைதானவருக்கு இருக்கு, அப்படி ஒரு உரிமை இருக்குன்னு போலீஸே தாமதிக்காம அவர்கிட்ட சொல்லணும். சொல்லாம விட்டதுக்காகத்தான் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிரா 2001ல ஜெர்மனி கேஸ்லயும் 2004ல மெக்சிகோ கேஸ்லயும் தீர்ப்பு கொடுத்துச்சு. அமெரிக்காவே தவறவிட்ட விஷயம்ங்கறதால, தூதரகத்துக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும்னு தயவுசெஞ்சு நம்பி இருந்துடாதீங்க.

இப்ப ஐநா. 1966 சிவில், அரசியல் உரிமை ஒப்பந்தத்தோட 9வது பிரிவு, கைது பண்ணும்போதே காரணம் சொல்லணும், சீக்கிரமா நீதிபதி முன்னாடி நிறுத்தணும்னு சொல்லுது, அதுக்குப் பொதுவா 48 மணி நேரமே போதும்ங்கறது இந்த ஒப்பந்தத்தைக் கண்காணிக்கற ஐநா மனித உரிமைக் குழுவோட விளக்கம். மூணு வாரம்ங்கறது ரொம்பப் பெரிய மீறல். ஆனா அந்தக் குழுகிட்ட தனியாள் புகார் போகணும்னா, அந்த நாடு அதுக்குன்னு தனியா இருக்கற விருப்ப நெறிமுறையை ஏத்திருக்கணும், அங்க இருக்கற கோர்ட் எல்லாம் ஏறி முடிச்சிருக்கணும். நிறைய குடும்பங்க இங்கதான் மாசக்கணக்கா மாட்டிக்குறாங்க.

உங்களுக்கு ஏத்த வழி வேற. தன்னிச்சையான காவல், அதாவது சட்டப்படி சரியான காரணம் இல்லாம அடைச்சு வைக்கறது, அதைப் பத்தின ஐநா செயற்குழுன்னு ஒன்னு இருக்கு, 1991ல அமைச்சது, அஞ்சு நிபுணர்கள். எந்த நாட்டைப் பத்தியும் எழுதலாம், கோர்ட் முடியற வரைக்கும் காத்திருக்க வேணாம். 1966 ஒப்பந்தத்துல சேராத நாடா இருந்தாலும் 1948 மனித உரிமைப் பிரகடனத்தை வச்சே கேள்வி கேப்பாங்க. உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா அவசர முறையீடுன்னு தெளிவா குறிப்பிடுங்க. சாதாரண புகாருக்கு அரசாங்கம் பதில் சொல்ல 60 நாள் கொடுப்பாங்க, அப்புறம் அவங்க கருத்தை வெளியிடுவாங்க. அது கோர்ட் உத்தரவு மாதிரி கட்டாயப்படுத்தாது, இதை மறைக்காம சொல்லிடறேன், ஆனா தூதரகத்துக்கும் அங்க இருக்கற வக்கீலுக்கும் கையில பிடிச்சுப் பேச அது ஒரு நல்ல ஆதாரம்.

புகார்ல அநியாயம் அநியாயம்னு நாலு பக்கம் எழுதாதீங்க, வலி புரியுது, ஆனா அவங்க பாக்கறது தேதி, இடம், பிடிச்சது எந்தப் படை, வாரண்ட் காட்டினாங்களா, கடைசியா எப்போ பேசினான், இதைத்தான். மெசேஜ், கால் விவரம் எல்லாம் அழியாம ரெண்டு இடத்துல சேமிச்சு வைங்க. ஒருவேளை எங்க வச்சிருக்காங்கன்னே தெரியாம போச்சுன்னா, வலுக்கட்டாயமா காணாமல் ஆக்கப்பட்டவங்களுக்கான ஐநா செயற்குழு இருக்கு, 1980ல இருந்து வேலை செய்யுது, அங்க உடனே எழுதுங்க.

இன்னொன்னு, எழுதினவங்க யாருன்னு ரகசியமா வச்சுக்குவாங்க, ஆனா தம்பி பேரு அந்த அரசாங்கத்துக்குப் போகும். அதனால எப்படியாவது வக்கீல் மூலமாவோ தூதரகம் மூலமாவோ அவன்கிட்ட சம்மதம் கேட்டுட்டு அனுப்புங்க, கேக்க வழியே இல்லன்னா அதையும் புகார்லயே எழுதிடுங்க.