ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கலாமா?

கேள்வி: காசிமேட்டில் முக்கால் கிலோ, ஒரு கிலோ அளவில் முழு வஞ்சிரம் மலிவாகக் கிடைக்கிறது. "குஞ்சு மீனை வாங்காதீங்க அப்பா" என்று கல்லூரியில் படிக்கும் மகள் தடுக்கிறாள். அப்படியானால் நெத்திலியையும் விட்டுவிட வேண்டுமா? பெரிய மீனாகப் பார்த்து வாங்குவதுதான் சரியா?

பதில்: நெத்திலியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். வஞ்சிரத்தில் மகள் சொல்வது பெரும்பாலும் சரி. "பெரும்பாலும்" என்று ஏன் இழுக்கிறேன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு மீன் குஞ்சா இல்லையா என்பதை அந்த இனம் எந்த நீளத்தில் முதன்முதலாக முட்டையிடுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். நெத்திலி ஆறேழு செ.மீ.யிலேயே பருவமடைந்துவிடும். மத்திக்கு (நம் கரையில் பேய்ச்சாளை) சுமார் 15 செ.மீ., கானாங்கெளுத்திக்கு 18, 19 செ.மீ. இவையெல்லாம் வேகமாக வளர்ந்து, சீக்கிரம் பெருகி, சில ஆண்டுகளில் ஆயுள் முடிகிறவை. பெரிய வஞ்சிரத்தின் கதை வேறு. அது முட்டையிடச் சுமார் 70 செ.மீ. வளர வேண்டும். அப்போது அதன் எடை ஏறக்குறைய இரண்டரை கிலோ, வயது இரண்டு. நீங்கள் பார்த்த முக்கால் கிலோ மீன் அந்த இனமாக இருந்தால், ஒருமுறைகூட முட்டையிடாமல் வலையில் விழுந்த மீன் அது.

"இருந்தால்" என்பதில்தான் சிக்கல். நம் சந்தையில் வஞ்சிரம் என்ற ஒரே பெயரில் மூன்று இனங்கள் விற்கின்றன. உடம்பில் குறுக்குக் கோடுகள் இருந்தால் பெரிய இனம். வட்டப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் சிறிய இனம். அது 35, 40 செ.மீ.யிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும், எனவே ஒரு கிலோ எடையில் வாங்கினால் குற்றமில்லை. மூன்றாவது இனத்தில் விட்டுவிட்டுச் செல்லும் சிறு கீற்றுகள் இருக்கும். ஐஸில் கிடந்து நிறம் மங்கியிருந்தால் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோட்டைப் பாருங்கள். இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே அது சட்டென்று இறங்கினால் பெரிய இனம்தான். புள்ளி வஞ்சிரத்தில் அந்தக் கோடு மெதுவாகச் சரியும்.

அடுத்து, பெரிய மீன். ஜெர்மனியின் கீல் நகரில் பணிபுரிந்த ரைனர் ஃப்ரோஸ, மீன்வள ஆய்வில் தெரிந்த பெயர். டேனியல் பாலி என்ற மீன்வள ஆய்வாளருடன் சேர்ந்து, மீன் இனங்களின் விவரங்களைத் தொகுக்கும் ஃபிஷ்பேஸ் தரவுத்தளத்தைத் தொடங்கியவர். கடினமான கணக்குகள் இல்லாமல் யாரும் சரிபார்க்கக்கூடிய மூன்று அளவுகோல்களை 2004-இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். பிடிபடும் மீன் எல்லாம் முட்டையிடும் அளவைத் தாண்டியிருக்க வேண்டும். முடிந்தவரை, பருவமடைந்த அளவுக்குச் சற்றே மேலான நடுத்தர மீனாக இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் பலர் கவனிப்பதில்லை: மிகப் பெரிய தாய் மீன்களை விட்டுவிட வேண்டும்.

அதற்கான காரணத்தை 2018-இல் டியேகோ பார்னேச்சே என்ற ஆய்வாளரின் குழு 'சயின்ஸ்' இதழில் எண்களோடு காட்டியது. 30 கிலோ எடையுள்ள ஒரே ஒரு அட்லாண்டிக் காட் மீன், இரண்டு கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டை இடுகிறதாம். 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ என்பதைக் கவனியுங்கள். அவர்கள் பார்த்த 342 இனங்களில் பெரும்பாலானவற்றில் இதே போக்கு. ஆக, பத்துப் பதினைந்து கிலோ வஞ்சிரத்தை ஏலத்தில் எடுப்பது பெருமையாக இருக்கலாம். கடலுக்கு அது நஷ்டக் கணக்கு. என் மதிப்பில் கோடு போட்ட வஞ்சிரத்தை மூன்று முதல் ஆறு கிலோவுக்குள் வாங்குவது நல்லது.

சில இனங்களில் அளவு பாலையே மாற்றிவிடுகிறது. கடலில் கொடுவா முதலில் ஆணாக இருந்து, பெரிதான பின்பே பெண்ணாகும். களவா இனங்கள் பலவற்றில் தலைகீழ்: பெரியவை ஆண். பெரியதை மட்டும் தொடர்ந்து எடுத்தால் ஒரு பால் முழுவதுமே குறைந்துபோகும். தட்டில் அடங்கும் அளவில் விற்கும் கொடுவா பலவும் வளர்ப்பு மீன். அதை வாங்கத் தயங்க வேண்டாம்.

"கடைக்கு வந்த குஞ்சு எப்படியும் செத்ததுதானே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அதற்கு விலை கிடைக்கும்வரை இழுவலையின் மடியை (மீன் வந்து சேரும் பைப் பகுதியை) சிறு கண்ணிலேயே வைத்திருக்க ஆசை இருக்கும். கேரளம் 2015-இல் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்கி, பிறகு 58 இனங்களுக்கு விரித்தது. அதில் மத்திக்கு 10 செ.மீ.தான், பருவமடையும் அளவைவிடக் குறைவு. மீனவர் பிழைப்பையும் பார்க்க வேண்டியதால் இப்படிச் சமரசம். நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்கு உண்டு. அது காலத்தைக் கட்டுப்படுத்தும், மீனின் அளவை அல்ல.

சந்தைக்குப் போகும்போது ஒரு தையல் டேப்பை எடுத்துச் செல்லுங்கள். மூக்கு நுனியிலிருந்து வால் பிளவின் உள்மூலை வரை அளக்க வேண்டும், வால் நுனி வரை அல்ல. துண்டு போட்டு விற்கும் கடையென்றால் வெட்டும் முன் முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். வழக்கமாக வாங்குகிறவர் கேட்டால் கடைக்காரர் மறுப்பது அபூர்வம்.