ஒரே சேதி இரண்டு முறை வந்தால் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

துணி விற்கும் இணையக் கடை ஒன்றுக்கு நாங்கள் நான்கு பேர் பேக்எண்ட் (சர்வர் பக்க வேலை) பார்க்கிறோம். பணம் வந்தது, பேக்கிங் முடிந்தது, ரத்து என்று ஆர்டரின் எல்லா ஈவென்ட்டும் (நடந்ததைச் சொல்லும் சேதி) அமேசான் எஸ்க்யூஎஸ் (SQS) கியூ, அதாவது சேதிகளை வாங்கி வைத்து எங்கள் புரோகிராமுக்குக் கொடுக்கும் சேவை, வழியாக வருகிறது. சில ஆர்டருக்கு ஸ்டாக் இரண்டு முறை குறைகிறது, வாடிக்கையாளருக்கு இரண்டு மெயில் போகிறது. சில சமயம் ரத்து முதலில் வந்து, பணம் வந்த சேதி பின்னால் வருகிறது. வரிசை சரியாகட்டும் என்று ஒவ்வொரு மெசேஜுக்கும் முன்னால் 10 விநாடி ஸ்லீப் (சும்மா காத்திருப்பது) வைத்தேன். அப்புறம் இரட்டை மெயில் இன்னும் கூடிவிட்டது. கியூவையே மாற்றிவிடலாமா? லாகை (புரோகிராம் எழுதி வைக்கும் பதிவு) இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பிக்கு,

லாகை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. உங்கள் புரோகிராம் ஒரு தடவைக்கு 10 மெசேஜ் எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாக முடிக்கிறது. எஸ்க்யூஎஸ் ஒரு மெசேஜைக் கொடுத்ததும் அழித்துவிடாது. மற்றவர் கண்ணில் படாமல் மறைத்து வைக்கும். நீங்கள் மாற்றாதவரை அந்த மறைப்பு 30 விநாடிக்குத்தான். அதற்குள் வேலையை முடித்து நீங்கள் டெலீட் செய்யாவிட்டால், கேட்கும் அடுத்த ஆளிடம் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். இந்த 30 விநாடி, பத்தையும் கையில் வாங்கிய நொடியிலேயே பத்துக்கும் ஓட ஆரம்பிக்கிறது. உங்களுக்கு ஒரு ஆர்டருக்கு ஏறக்குறைய 3 விநாடி ஆகிறது. அதனால் முன்பு பத்தாவது மெசேஜ் மட்டும் விளிம்பில் மாட்டியது. ஸ்லீப் வந்த பிறகு ஒன்றுக்கு 13 விநாடி. மூன்றாவது முடியும்போதே 39 ஆகிவிடுகிறது. உங்கள் இரண்டாவது சர்வர் அவற்றை மறுபடி எடுத்துவிட்டது. எண்ணிப் பாருங்கள், திரும்ப வந்தவற்றில் முதல் இரண்டு இடத்தில் இருந்தது ஒன்றுகூட இல்லை.

சரி, ஸ்லீப்பை இன்றே எடுத்துவிடுங்கள். மறைப்பு நேரத்தையும் கூட்டுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். சாதாரண எஸ்க்யூஎஸ் கியூ தரும் உறுதி, மெசேஜ் குறைந்தது ஒரு முறை வந்து சேரும் என்பதுதான். இரண்டு முறையும் வரலாம். ஃபைஃபோ கியூவுக்கு (முதலில் வந்ததை முதலில் தரும் வகை) மாறினால் ஒரே குரூப்புக்குள் (ஒரே அடையாளம் போட்டு அனுப்பிய மெசேஜ்களுக்குள்) வரிசை கிடைக்கும். அனுப்புகிறவர் 5 நிமிடத்துக்குள் அதையே திரும்ப அனுப்பினாலும் தள்ளிவிடும். நேரத்துக்குள் டெலீட் செய்யாத மெசேஜ் அங்கேயும் திரும்ப வரத்தான் செய்யும். ஊரில் ஒரே சேதியை இரண்டாவது ஆள் வந்து சொன்னால் "தெரியும்பா" என்கிறோம் இல்லையா? உங்கள் ஹேண்ட்லருக்கு (மெசேஜை வாங்கி வேலையைச் செய்யும் கோடு) அதைச் சொல்லத் தெரிய வேண்டும்.

இதற்கு டேட்டாபேஸில் ஒரு டேபிள் போதும். ஈவென்ட் ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு (ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகாது என்ற விதி) வையுங்கள். ஹேண்ட்லர் முதலில் அந்த ஐடியை எழுதட்டும். ஏற்கெனவே இருந்தால் ஒன்றும் செய்யாமல் மெசேஜை டெலீட் செய்துவிட்டுப் போகட்டும். ஐடியை எழுதுவதும் ஸ்டாக்கைக் குறைப்பதும் ஒரே ட்ரான்ஸாக்ஷனில் (நடந்தால் எல்லாம் நடக்கும், இல்லாவிட்டால் எதுவும் நடக்காது) இருப்பது முக்கியம். மொய் எழுதுகிறவர் பணத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, பெயரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்து போனால் என்ன ஆகும்? அதேதான். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இரண்டு சர்வரும் ஒரே ஐடியை ஒரே நேரத்தில் எழுத வந்தால், முதலாவதன் ட்ரான்ஸாக்ஷன் முடியும்வரை இரண்டாவது காத்து நிற்கும். நீங்கள் தனியாகப் பூட்டு எதுவும் போட வேண்டியதில்லை.

மெயிலை இப்படி ட்ரான்ஸாக்ஷனுக்குள் அடக்க முடியாது. 'அனுப்ப வேண்டிய மெயில்' என்று ஒரு வரியை அதே ட்ரான்ஸாக்ஷனில் எழுதி, வேறொரு புரோகிராம் அதைப் பார்த்து அனுப்பட்டும். அனுப்பியபின் குறிப்பதற்குள் அது விழுந்துவிட்டால் எப்போதாவது இரண்டு மெயில் போகத்தான் செய்யும். மெயில் என்றால் பரவாயில்லை, பணம் என்றால் கூடாது. முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நான் எழுதிய ஹேண்ட்லர் ஒரு அம்மாவின் கணக்கில் ஒரே மாதக் கட்டணத்தை இரண்டு முறை பிடித்துவிட்டது. அவர் போனில் கோபப்படவே இல்லை. பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு வைத்திருந்த பணம் என்று மட்டும் சொன்னார். இன்றும் அந்தக் குரல் மறக்கவில்லை. பணத்தைப் பிடிக்கும் அழைப்பிலும் திருப்பித் தரும் அழைப்பிலும் ஐடெம்பொடென்சி கீ (இது அதே கோரிக்கைதான் என்று காட்டும் அடையாளம்) இல்லாமல் கோடு எழுதாதீர்கள். பணம் வசூலிக்கும் சேவையான ஸ்ட்ரைப் அதை வாங்கிக்கொள்கிறது. அதே கீயோடு 24 மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டால் பழைய பதிலையே தரும்.

இனி வரிசை. ஆர்டரின் தற்போதைய நிலை டேபிளில் இருக்கிறது. 'நிலை காத்திருப்பில் இருந்தால் மட்டும் பணம் வந்தது என்று மாற்று' என்று அப்டேட்டிலேயே நிபந்தனை வைத்து, எத்தனை வரி மாறியது என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் நிலையைப் படியுங்கள். ஏற்கெனவே ரத்தாகியிருந்தால் அந்தச் சேதியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வாடிக்கையாளரின் பணம் அதில் இருக்கிறது. பேக்கிங் பக்கம் போகாமல் ரீஃபண்ட் பக்கம் அனுப்புங்கள். உங்கள் கோடில் இந்த வழியே இல்லை. வந்த பணம் அப்படியே நின்றுவிடுகிறது. ஸ்டாக் பிரச்சினையைவிட இதுதான் எனக்குக் கவலை.

அந்த டேபிளைப் போட்டபின், டெஸ்ட் கியூவில் ஒரே மெசேஜை வேண்டுமென்றே இரண்டு முறை போடுங்கள். அடுத்து ரத்தை முதலிலும் பணத்தைப் பின்னாலும் போடுங்கள். அந்த லாகையும் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.