பச்சிளங்குழந்தைக்கு ஹைடா ஸ்கேன்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பினாங்கில் அணு மருத்துவப் பிரிவில் ஸ்கேன் எடுக்கும் வேலை எனக்கு. டாக்டர் இல்லை, அதனால் உங்கள் பிள்ளைக்கு என்ன நோய் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். மற்றபடி கேளுங்கள்.

அண்ணா, மகனுக்கு ஆறு வாரம், கண் இன்னும் மஞ்சளாக இருக்கிறது. வெயிலில் காட்டினால் போதும் என்கிறார் மாமியார். ஆஸ்பத்திரியில் ஹைடா ஸ்கேன் என்கிறார்கள். அது என்ன? (பட்டர்வொர்த்)

வெயிலை விடுங்கள்மா. நிறைமாதப் பிள்ளைக்கு 14 நாள், குறைமாதப் பிள்ளைக்கு 21 நாள் தாண்டியும் மஞ்சள் இறங்கவில்லை என்றால் டைரக்ட் பிலிருபின், அதாவது கல்லீரல் பதப்படுத்திய மஞ்சள் நிறமி எவ்வளவு என்று இரத்தத்தில் பார்த்தே ஆக வேண்டும். அது கூடியிருந்தால் வெயிலுக்கும் நீல விளக்குக்கும் அசையாது. ஸ்கேனில், டெக்னீசியம்-99எம் சேர்த்த மெப்ரோஃபெனின் என்ற மருந்தைக் கொஞ்சமாக நரம்பில் ஏற்றுவோம். கல்லீரல் அதைப் பிலிருபினைப் போலவே இழுத்துக்கொண்டு பித்தநீரோடு குடலுக்கு அனுப்பும், காமா கேமரா அது போகும் வழியைப் படம் பிடிக்கும். குடலில் மருந்து தெரிந்துவிட்டால் வழி திறந்திருக்கிறது, பிலியரி அட்ரீசியா என்ற பித்தநாள அடைப்பு அநேகமாக இல்லை.

24 மணி நேரம் ஆகியும் குடலில் வரவில்லையாம். அப்படியானால் அடைப்புதானே?

அவசரப்படாதீர்கள். இந்த ஸ்கேன் 'இல்லை' என்று சொன்னால் நம்பலாம், 'இருக்கிறது' என்று சொன்னால் அரைகுறைதான். கல்லீரல் அழற்சி கடுமையாக இருந்தாலும், அலஜீல் நோயில் உள்ளதுபோல் பித்தநாளங்கள் குறைவாக இருந்தாலும், நீண்ட நாள் நரம்பு வழியாகவே ஊட்டம் ஏறிய பிள்ளைக்கும் மருந்து இறங்காமல் போகலாம். அதனால்தான் அல்ட்ராசவுண்ட், கல்லீரலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்சி, கடைசியில் அறுவை மேசையிலேயே பித்தநாளத்தில் சாயம் செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே என்று போகிறார்கள். முடிவான பதில் அந்த எக்ஸ்ரேயில்தான்.

ஸ்கேனுக்கு முன் ஐந்து நாள் ஃபினோபார்பிட்டோன் கொடுக்கச் சொன்னார்கள். வலிப்பு மருந்துதானே அது? (ஆயர் ஈத்தாம்)

ஆமாம், அதேதான். கல்லீரல் பித்தநீரை வெளியேற்றுவதை அது தூண்டிவிடும், ஸ்கேன் தெளிவாக வரும். வழக்கமாகக் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிகிராம், இரண்டு வேளையாகப் பிரித்து. பிள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும். ஆனால் ஒன்று, பிள்ளைக்கு ஏழு வாரம் ஆகிவிட்டது என்றால் இந்த ஐந்து நாள் அவசியமா என்று டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அடைப்பு இருந்தால், பித்தநீர் இறங்கக் குடலைக் கல்லீரலோடு இணைக்கும் கசாய் அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடப்பதுதான் நல்லது. நாள் ஏற ஏறக் கல்லீரல் இறுகிவிடும், பலன் குறையும். ஸ்கேன் தேதிக்காக அறுவை தள்ளிப்போவது எனக்குப் பிடிக்காத விஷயம்.

கதிரியக்கமாச்சே, தாய்ப்பால் கொடுக்கலாமா?

தாராளமாக. ஸ்கேனுக்கு முன் சில மணி நேரம் மட்டும் பால் நிறுத்தச் சொல்வோம். டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம், மறுநாள் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பேம்பர்ஸ் மாற்றியதும் கை கழுவுங்கள், போதும். மறுநாள் படத்துக்கு மாற்று பேம்பர்ஸ் கொண்டு வாருங்கள். மருந்தில் கொஞ்சம் சிறுநீரிலும் வரும், நனைந்த பேம்பர்ஸ் படத்தில் குடல் மாதிரியே தெரிந்து எங்களைக் குழப்பும்.

மகளுக்கு இரத்தச் சிவப்பணுவில் இருக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு, அதனால்தான் மஞ்சள் என்று சொல்லி கிளினிக்கில் அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். ஐந்து வாரம் ஆகிறது, மலம் சில நாளாக வெளுத்திருக்கிறது. காத்திருக்கலாமா?

வேண்டாம்மா. ஜி6பிடியால் வரும் மஞ்சளில் மலம் வெளுக்காது. பேம்பர்ஸை ஜன்னல் பக்கம் பிடித்துப் பாருங்கள், குழல் விளக்கில் நிறம் ஏமாற்றும். சுண்ணாம்பு மாதிரியோ வெளிர் களிமண் மாதிரியோ இருந்து, சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், அந்தப் பேம்பர்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நாளைக் காலையிலேயே எடுத்துப் போங்கள். மிஸ்ஸி (நர்ஸ்) முகம் சுளித்தாலும் டாக்டர் பார்ப்பார். இரத்தப் பரிசோதனையில் மொத்த பிலிருபின் மட்டும் எழுதியிருந்தால், டைரக்ட் எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள்.